ஈதலும் வரிசையறிதலும்: ஆவணப்படத்திற்கான அரசு நிதியில் தகுதி வரையறை

ஆய்வுச்சுருக்கம்

ஆவணப்படம் எடுக்க விழையும் ஒருவர் அரசு நிதியைப் பெறுவதற்கு எவ்வகைத் தகுதிகளை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது என்பதையும், அத்தகுதி வரையறைகள் படத்தின் இயல்பை எவ்வாறு முன்கூட்டியே தீர்மானிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் பின்பற்றிய நடைமுறைகள், அதற்குப் பிந்தைய மாற்றங்கள், நிதி விதிகள், பதிப்புரிமைச் சட்டம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. புறநானூற்றின் பாடாண் பாடல்களில் இடம்பெறும் வரிசையறிதல் என்னும் கருத்து ஒப்புநோக்குக்குப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், அரசு நிதி, தகுதி, வரிசையறிதல், ஒப்பந்தப்புள்ளி, பதிப்புரிமை, பாரதக்கூத்து.

முன்னுரை

கூத்து, வாய்மொழி வழக்காறு, இசை மரபு, எழுத்தாளர் வாழ்க்கை ஆகியவற்றை ஆராயும் தமிழாய்வாளர்கள் ஒலி, ஒளிப் பதிவை இன்று தவிர்க்க இயலாத ஆய்வுக் கருவியாகக் கொண்டுள்ளனர். களப்பதிவு என்னும் நிலையைக் கடந்து, அதனை ஒரு படமாக ஆக்க முற்படும்போதுதான் நிதி என்னும் சிக்கல் எழுகிறது. ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் ஆகியோரின் ஊதியமும் பயணச் செலவும் தனியொருவரின் கைப்பொருளுக்கு அடங்குவன அல்ல. சந்தையும் இத்தகைய படங்களை நாடுவதில்லை. ஆகவே அரசே முதன்மைப் புரவலராக எஞ்சுகிறது.

அரசிடம் நிதி கேட்பவர் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'தகுதி' என்பதாகும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. அங்கே தகுதி என்பதற்குப் பரிமேலழகர் நடுவுநிலைமை என்றே பொருள் கொள்கிறார். இன்றைய வழக்கில் அது ஒருவரிடம் உள்ள ஏற்புடைமையைக் குறிக்கிறது. கொடுப்பவரின் நடுவுநிலைமை, பெறுபவரின் ஏற்புடைமை என்னும் இரு பொருள்களும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அரசு நிதி பற்றிய சிக்கல் முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையில்தான் நிகழ்கிறது. எல்லாரையும் ஒன்றாக நோக்கும் விதியும், இன்னாரின் ஆற்றல் இன்னது என்று அறிந்து கொடுக்கும் தேர்வும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இந்திய அரசின் ஆவணப்பட நிதி வரலாறு இவ்விரு முனைகளுக்கிடையே ஊசலாடிய வரலாறாகவே தோன்றுகிறது.

பரிசில் துறைகள் உணர்த்தும் அளவுகோல்

புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய 121ஆம் பாடல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. வள்ளல் ஒருவனை நாடி நான்கு திசையிலிருந்தும் பலர் வருவர். அவர்களுக்குக் கொடுப்பது எளிது, அவர்தம் வரிசையை அறிவதுதான் அரிது. ஆதலால் புலவர்களிடத்துப் பொதுவாக நோக்குதலை ஒழிக என்பது அதன் கருத்து. கொடையின் அளவு குறித்த மனக்குறை எதுவும் அப்பாடலில் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் வழங்கப்பட்டது என்பதே புலவரின் முறையீடு.

இதன் மறுபக்கம் 208ஆம் பாடலில் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்கவில்லை. தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்றும், தம் கல்வியின் அளவை அறிந்து தந்தால் தினையளவு பொருளும் இனிது என்றும் கூறுகிறார். மதிப்பிடப்படாத கொடை, பெறுபவருக்கு இழிவு என்னும் எண்ணம் இங்குத் தெளிவாகிறது. கடைநிலை, பரிசில் கடாநிலை, பரிசில் விடை என வாயிலில் நிற்பது முதல் விடைபெறுவது வரையிலான நிலைகளுக்கெல்லாம் தனித்தனித் துறைப்பெயர் வழங்கிய மரபு நம்முடையது. இத்துறைப் பாடல்களைப் புரவலர் புகழாக மட்டும் படிப்பது போதாது. கொடை பெறும் நடைமுறை குறித்த கூர்மையான கருத்துகளையும் அவை தாங்கியுள்ளன.

மன்னனின் கொடைக்கும் மக்களாட்சி அரசின் நிதிக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. மன்னன் தன் பொருளைத் தந்தான். அரசு பொதுமக்களின் பொருளைத் தருகிறது. அதனால் தான் விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை. இரமணா தயாராம் ஷெட்டி எதிர் இந்தியப் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் என்னும் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கான அடித்தளமாகும். மும்பை விமான நிலையத்தில் உணவகமும் சிற்றுண்டிக் கடைகளும் நடத்த அழைக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளி பற்றியது அவ்வழக்கு. பதிவு பெற்ற இரண்டாம் தர உணவக உரிமையாளராகவும் ஐந்தாண்டு அனுபவம் உடையவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அவ்விதியை நிறைவு செய்யாதவருக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. அரசு தான் அறிவித்த தகுதிக்குத் தானே கட்டுப்பட்டது என்றும், அரசின் கொடை தன்மனப்போக்கில் வழங்கப்படலாகாது என்றும் நீதிபதி பி.என். பகவதி எழுதினார். வழக்காளர் காலம் தாழ்த்தி வந்தார் என்பதால் ஒப்பந்தம் நீக்கப்படவில்லை என்பது வேறு செய்தி. அரசு அளிக்கும் உரிமங்களையும் ஒப்பந்தங்களையும் குறிக்க அத்தீர்ப்பு ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்கு நேர்பொருள் 'கொடை' என்பதே.

ஆக, கபிலர் ஒழிக்கச் சொன்ன பொதுநோக்கே இன்றைய அரசுக்கு அரசமைப்பின் 14ஆம் உறுப்பு விதிக்கும் கடமையாகிறது. உணவகம் நடத்துவதற்கு ஐந்தாண்டு அனுபவம் என்பது பொருத்தமான அளவுகோல். கலைப்படைப்பிற்கு அதே வகை அளவுகோலைக் கொண்டுவரும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குப் பிலிம்ஸ் டிவிஷன் வரலாறு சான்றாகிறது.

பிலிம்ஸ் டிவிஷன்: ஒப்பந்தப்புள்ளியும் விதிவிலக்கும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய இந்திய அரசு போர்ப் பரப்புரைக்காகப் படப்பிரிவுகளை அமைத்தது. 1943இல் பாதுகாப்பு விதிகளின்கீழ், அரசு ஏற்பளித்த படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்ட வேண்டும் என ஆணையிடப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் நிறுவப்பட்டபோது, ஆட்சி மாறினாலும் இவ்வமைப்பு மாறவில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் 12ஆம் பிரிவில், அறிவியல் படங்கள், கல்விப் படங்கள், நடப்புச் செய்திப் படங்கள், ஆவணப்படங்கள் ஆகியவற்றுக்குப் போதிய திரையிடல் வாய்ப்புக் கிடைக்குமாறு உரிமதாரர்களுக்கு ஆணையிடும் அதிகாரத்தை மைய அரசுக்கு வழங்கியது. திரையரங்கினர் இப்படங்களைக் காட்டியதோடு அவற்றுக்கு வாடகையும் செலுத்தினர். இக்கட்டாயத்தை எதிர்த்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

இதன் விளைவாக ஆவணப்படத்தின் நீளம் திரையரங்கில் முதன்மைப் படத்திற்குமுன் கிடைக்கும் சிறுபொழுதுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. ஒரு கலைவடிவத்தின் நீளத்தை உரிம விதி வரையறுத்தது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் முதன்மைப் படத்திற்கு முன்பு ஓடிய செய்திச் சுருள்களைக் கண்டு வளர்ந்த தலைமுறையினர் ஆவணப்படம் என்றவுடன் ஒரே குரலில் ஒலிக்கும் வருணனையை நினைவுகூர்வதற்கும் இதுவே காரணம்.

பிலிம்ஸ் டிவிஷன் தன் பணியாளர்களைக் கொண்டு படமெடுத்ததுடன், வெளித் தயாரிப்பாளர்களுக்கும் பணி வழங்கியது. ஏற்பளிக்கப்பட்ட தயாரிப்பாளர் பட்டியலில் இடம்பெற்றவர்களிடமிருந்து ஒப்பந்தப்புள்ளி பெறப்பட்டு, குறைந்த தொகை கேட்டவருக்குப் படம் தரப்பட்டது. சாலை அமைப்பதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே முறை. சங்க இலக்கியத்தில் 'ஆவணம்' என்னும் சொல் கடைவீதியைக் குறிக்கிறது; பிற்காலத்தில் அது உரிமைப் பத்திரத்தைக் குறிக்கலாயிற்று. குறைந்த விலைக்கு விடப்பட்டு, முத்திரைத்தாளில் கையெழுத்தாகி, பின்னர் எடுக்கப்பட்ட இப்படங்களுக்கு ஆவணப்படம் என்னும் பெயர் இரு பொருளிலும் பொருந்திவிடுகிறது.

திரைக்கதை முன்கூட்டியே எழுதப்பட்டு, பொருளுக்குரிய அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது மற்றொரு நடைமுறை. வேளாண்மை பற்றிய படமாயின் வேளாண் அமைச்சகம் அதனைப் படித்துத் திருத்தியது. படம் நிகழ்வைத் தொடரவில்லை. ஒப்புதல் பெற்ற உரையைத் தொடர்ந்தது.

இம்முறையிலிருந்து விலகிய ஒரு காலமும் உண்டு. 1960களின் இடையில் யுனெஸ்கோவிலிருந்து வந்து பிலிம்ஸ் டிவிஷனில் பொறுப்பேற்ற ழான் பௌனகரி, இளம் இயக்குநர்களுக்குச் சோதனை முயற்சிகளில் ஈடுபடும் உரிமையைப் பெற்றுத் தந்தார். 1967இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி இயக்கிய 'ஐ ஆம் 20' விடுதலை நாளில் பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களின் நேர்காணல்களால் ஆனது. அவ்விளைஞர் என்ன சொல்வர் என்பதை எந்தத் திரைக்கதையாசிரியரும் எழுதி ஒப்புதலுக்கு அனுப்பியிருக்க இயலாது. நாட்டின் மீது பற்றுண்டா என்னும் வினாவுக்கு அவர்கள் அளிக்கும் தயக்கமும் கசப்பும் நம்பிக்கையும் கலந்த விடைகளே அப்படத்தின் உயிர். அரசின் பணத்தில், அரசின் பெயரில், அரசு எதிர்பாராத குரல்கள் பதிவாயின.

இதே ஆண்டைச் சேர்ந்த மற்றொரு சான்று இன்னும் வலிமையானது. ஓவியர் எம்.எஃப். உசைன் பிலிம்ஸ் டிவிஷனுக்காக ஓர் ஓவியனின் கண்களினூடே இராசசுத்தானத்தைக் காணும் குறும்படம் ஒன்றை இயக்கினார். அவர் அதற்குமுன் படம் இயக்கியவர் அல்லர். முன்னனுபவம், ஆண்டு விற்றுமுதல், எடுத்து முடித்த படங்களின் எண்ணிக்கை என்னும் அளவுகோல்கள் எதிலும் அவர் தேறியிருக்க மாட்டார். உரையாடலோ வருணனையோ இல்லாத அப்படம் 1967இல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்திற்கான தங்கக் கரடி விருதைப் பெற்றது. தகுதி விதிகளை வகுப்போர் ஒவ்வொரு முறையும் இச்சான்றை நினைத்துக்கொள்வது நலம்.

ஆயினும் இதனைக் கொண்டு விதியே வேண்டா என்று முடிவு செய்வது பிழையாகும். உசைன் முன்பே புகழ்பெற்ற ஓவியர். 'பாலா' என்னும் படத்தையும் இத்துடன் எண்ணலாம். பரதக் கலைஞர் பாலசரசுவதி பற்றிச் சத்தியசித் ராய் இயக்கி 1976இல் வெளிவந்த அப்படத்திற்குத் தமிழ்நாடு அரசும் மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையமும் புரவலராயின. ராயைத் தேர்வு செய்ய எந்த அரசும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வரிசை முன்பே அறியப்பட்டவரிடத்து வரிசையறிதல் எளிது. முதற்படம் எடுக்க வரும் ஒருவரின் வரிசையை எவ்வாறு அறிவது என்பதே உண்மையான வினா. குறைந்த விலை முறை அவரை அனுபவமின்மையால் விலக்குகிறது. நியமன முறையோ புகழின்மையால் விலக்குகிறது. இரு வாயில்களும் அவருக்கு அடைபட்டே உள்ளன.

இன்றைய நிலையில் விண்ணப்பதாரர்

2000இல் தொடங்கப்பட்ட பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை இச்சிக்கலுக்கு ஒரு நடுவழியைக் கண்டது. பிரசார் பாரதியின் ஒத்துழைப்புடன் இயங்கிய இவ்வறக்கட்டளை, திறந்த அழைப்பின்வழி முன்மொழிவுகளைப் பெற்று, துறையறிந்தோர் குழுவால் தேர்ந்தெடுத்து, தனிநிலை இயக்குநர்களுக்குப் படங்களை வழங்கியது. அழைப்பு எல்லாருக்கும் பொதுவாக அமைந்தது. தேர்வு ஒவ்வொருவரின் வரிசையை அறிந்து நிகழ்ந்தது. தொலைக்காட்சியின் அரைமணி, ஒருமணிக் கட்டங்களுக்குள் படம் அடங்க வேண்டும் என்னும் வரையறை இங்கும் உண்டு. எனினும் முதற்பட இயக்குநர் பலருக்கு அது வாயிலாக அமைந்தது. 2020 திசம்பரில் மைய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பிலிம்ஸ் டிவிஷன் உள்ளிட்ட அரசுத் திரைப்பட அமைப்புகளின் பணிகள் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. ஒரு துறையின் கடமையாக இருந்த ஆவணப்படத் தயாரிப்பு, ஒரு குழுமத்தின் பணிகளுள் ஒன்றாகியுள்ளது. துறைக்கும் குழுமத்துக்கும் கணக்குமுறை வேறு. வரவு எதிர்பார்ப்பும் வேறு.

2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் அறிவுசார் பணிகளுக்கு மூவகைத் தேர்வு முறைகளை ஏற்கின்றன. தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடுதல், தரத்தின் கீழெல்லையை எட்டியவருள் குறைந்த விலையரைத் தேர்தல், ஒருவரையே நியமித்தல் என்பன அவை. எனவே குறைந்த விலைதான் ஒரே வழி என்று கூறும் அலுவலர் விதியை முழுமையாகக் கூறவில்லை. தரத்துக்கு மதிப்பெண் இடும் வழி விதியிலேயே உள்ளது. அதனைப் பயன்படுத்துவோர் குறைவு; மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுத வேண்டியிருப்பதும், தணிக்கையில் அதற்கு விடை சொல்ல வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்களாகலாம். விலைக்கு யாரும் காரணம் எழுத வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் கேட்கப்படும் உரைகள் தமிழாய்வாளரின் தனிக்கவனத்துக்கு உரியவை. படச்சுருக்கம், ட்ரீட்மென்ட் எனப்படும் அணுகுமுறைக் குறிப்பு, இயக்குநர் கூற்று, செலவுத் திட்டம், கால அட்டவணை, முந்தைய படைப்பு என்பன பொதுவாகக் கேட்கப்படுபவை. இவற்றுள் முதலிரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். படச்சுருக்கம் எதைப் பற்றியது என்பதைக் கூறும். அணுகுமுறைக் குறிப்பு எவ்வாறு காட்டப்படும் என்பதைக் கூறும்: யார் பேசுவர், வருணனை உண்டா, ஒளிப்பதிவுக் கருவி நிகழ்வின் உள்ளே நிற்குமா வெளியே நிற்குமா, எத்தனை நாள் உடனுறைவு தேவை என்பன அதன் செய்திகள். ஆய்வேட்டின் ஆய்வு நெறிமுறை இயலுக்கு நிகரானது இது. கல்விப்புலத்திலிருந்து வருவோர் படச்சுருக்கத்தைப் பல பக்கங்களுக்கு விரித்து, அணுகுமுறையைச் சில வரிகளில் முடித்துவிடுவது இயல்பு. பொருளறிவு மிகுந்திருந்தும் முன்மொழிவு தோற்பதற்கு இது போதிய காரணமாகிவிடும்.

இவ்வுரைகளின் வினைமுற்றுகளை நோக்கினால் மற்றொன்று புலனாகும். அனைத்தும் எதிர்காலத்தில் அமைந்தவை. நடக்காத நிகழ்வையும் சொல்லப்படாத சொல்லையும் உறுதியாக எழுத வேண்டிய கட்டாயம் விண்ணப்பதாரருக்கு உள்ளது. புனைகதைப் படத்துக்குத் திரைக்கதை கேட்பது முறை. ஆவணப்படத்துக்கு அதனைக் கேட்பது களப்பணிக்கு முன்பே முடிவுரையை எழுதச் சொல்வதற்கு ஒப்பாகும். இன்னும் அறியப்படாதவை எவை, அவற்றை அறிய என்ன வழி என்று விண்ணப்பத்திலேயே ஒரு பகுதி இருக்குமானால், நேர்மையான முன்மொழிவுக்கும் அலங்கார முன்மொழிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழுவினர் எளிதில் காண்பர். ஆராய்ச்சி நல்கைகளில் ஆய்வு வினா கேட்கப்படுகிறது, விடை கேட்கப்படுவதில்லை. படத்துக்கும் அம்முறை ஏற்றதே.

பாரதக்கூத்தும் நிதியாண்டும்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வடதமிழகத்தின் திரௌபதியம்மன் கோயில் விழாவை ஒருவர் படமாக்க விரும்புகிறார். பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதிநாள் காலையில் மண்ணால் ஆன பெரிய துரியோதனன் உருவத்தின் முன் நிகழும் படுகளம், பின்னர்த் தீமிதி என விழா நாள்கள் விரிகின்றன. இவ்விழாக்கள் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரையிலான காலத்தில் நடைபெறுபவை.

அரசின் நிதியாண்டோ மார்ச்சு 31இல் முடிந்து ஏப்பிரல் 1இல் தொடங்குவது. அழைப்பு, தேர்வு, ஒப்பந்தம், முதல் தவணை என்னும் படிகள் முடிவதற்குள் ஆடி கடந்துவிடும். அடுத்த பங்குனி நடுவில் தொடங்கும்போது நிதியாண்டு முடியச் சில நாள்களே எஞ்சியிருக்கும்; அதற்குள் செலவுக் கணக்கையும் பயன்பாட்டுச் சான்றையும் ஒப்படைக்க வேண்டும். எனவே விண்ணப்பதாரர் செய்யக்கூடியது ஒன்றே. விழா இல்லாத காலத்தில் கூத்துக் குழுவினரை அழைத்து, ஒரு திடலில் விளக்கமைத்து, சில காட்சிகளை ஆடச்செய்து பதிவுசெய்வார். ஊரார் இல்லை, விரதம் இல்லை, விடியல் இல்லை. கூத்தின் அசைவுகள் பதிவாகும். அது ஒரு சடங்கின் பகுதி என்னும் செய்தி வருணனையாக மட்டும் இடம்பெறும். இப்படிப்பட்ட படங்களைக் கண்டு அவற்றின் இயக்குநருக்குக் களவறிவு இல்லை என்று திறனாய்வாளர் எழுதுவதுண்டு. குறை அட்டவணையிலும் இருக்கக்கூடும்.

இதற்குத் தீர்வு எட்டாததன்று. நிதியை ஒரே ஆண்டில் முடிக்காமல், ஆய்வுக்கு ஒரு சிறு தொகை, படப்பிடிப்புக்கு ஒரு தொகை என இரு கட்டமாகப் பிரித்தால், முதற்கட்டம் ஒரு விழாவைக் காணவும் இரண்டாம் கட்டம் அடுத்த விழாவைப் பதியவும் உதவும். முதற்கட்டத்தின் இறுதியில் அளிக்கப்படும் களக்குறிப்பே இரண்டாம் கட்டத்துக்கான தகுதியாகவும் அமையும். முன்னனுபவம் இல்லாதவரின் வரிசையை அறிய இதைவிட நேரிய வழி தென்படவில்லை. சிறு தொகையில் ஒருவரின் கண்ணும் செவியும் எத்தகையன என்பது தெரிந்துவிடும். தவறினாலும் அரசின் இழப்பு சிறிதே.

பணத்தின் பெயரும் படத்தின் உரிமையும்

நிதி பெறுவோர் மிகக் குறைவாகக் கவனிக்கும் பகுதி ஒப்பந்தமாகும். அரசு தரும் பணம் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. மானியமாகத் தரப்படும் தொகையில் படைப்பாளி தயாரிப்பாளராக நிற்கிறார். பணியாகத் தரப்படும் தொகையில் அரசே தயாரிப்பாளர். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான திரைப்படங்களுக்கு மாநில அரசு வழங்கும் மானியம் போன்றவை படம் முடிந்தபின் வருவன. முடிக்கும் வரையிலான பொறுப்பு எடுத்தவரையே சாரும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இவ்வேறுபாட்டின் விளைவைக் கூறுகிறது. ஒருவரின் வேண்டுகோளின்படி, பொருள் பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட திரைப்படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, வேண்டியவரே முதல் உரிமையாளர். அரசுப் படைப்பாயின் அரசே முதல் உரிமையாளர். திரைப்படத்துக்கான உரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே பணியாகப் பெற்ற நிதியில் எடுத்த படத்தை, இயக்குநர் தம் வகுப்பறைக்கு வெளியே திரையிடவும் இசைவு வேண்டியிருக்கும். மாறான உடன்பாடு இல்லாதவிடத்து என்னும் சொற்றொடரே இங்குத் திறவுகோல். கையெழுத்திடும் முன் கல்வி, ஆய்வுப் பயன்பாட்டு உரிமையைத் தமக்கு வைத்துக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அரசுத் தரப்பு அதனை ஏற்குமா என்பது கேட்டால்தான் தெரியும், கேட்பவர் சிலரே.

நிதி பெற்றதால் தணிக்கைக்கு விலக்கும் கிடைப்பதில்லை. ஆவணப்படமும் பொதுவெளியில் திரையிடப்படும் முன் சான்றிதழ் பெற வேண்டும். இவ்விதியின் வன்மையைச் சோதித்த முதன்மை வழக்கு கே.ஏ. அப்பாஸ் எடுத்த நான்கு நகரங்கள் பற்றிய ஆவணக் குறும்படத்தைச் சார்ந்தது. 1970இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. மும்பைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவுக்கு வரும் இந்திய ஆவணப்படங்களுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்று 2003இல் கூறப்பட்டபோது எழுந்த எதிர்ப்பே 2004இல் 'விகல்ப்' என்னும் மாற்று விழாவாயிற்று. அரசிடம் நிதி கேட்கவே இயலாத பொருள்கள் உண்டு என்பதையும் இவ்விடத்துச் சொல்ல வேண்டும். ஏ.கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து காந்தியடிகள் பற்றிய படச்சுருள்களைத் திரட்டித் தமிழ் வருணனையுடன் 1940இல் ஆவணப்படம் வெளியிட்டபோது, நாட்டை ஆண்ட அரசு காந்தியடிகளைச் சிறையிட்டு வந்த அரசு. அப்படத்துக்கான தகுதியை வழங்கும் வாயில் அன்று இல்லை.

இறுதியாக, எடுக்கப்பட்டும் படத்தில் இடம்பெறாத பதிவுகள். 52 நிமிடப் படத்துக்காகப் பல இரவுகளின் கூத்துப் பதிவாகியிருக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் முடிந்த படத்தையே குறிப்பிடும். எஞ்சிய பதிவுகள் இயக்குநரின் வன்தட்டிலோ தயாரிப்பு நிறுவன அலமாரியிலோ தங்கிச் சில ஆண்டுகளில் படிக்க இயலாதவையாகிவிடுகின்றன. கூத்தின் பாடவேறுபாடுகளை ஆராயும் ஒருவருக்கு முடிந்த படத்தினும் அப்பதிவுகளே பயன்மிக்கவை. ஓர் ஆசிரியர் இரவு முழுதும் பாடிய கருணமோட்சம் எவ்வெட்டும் இன்றிக் கிடைக்குமாயின், அது ஓர் ஏட்டுச்சுவடிக்கு நிகரான மூலமாகும். நிதி பெறத் தகுதியானவர் யார் என்று நீண்ட பட்டியல் வகுக்கும் அறிவிப்புகளில், முழுப்பதிவுகளையும் இடம், நாள், பாடியோர் பெயர், இசைவுக் கடிதம் ஆகிய குறிப்புகளுடன் ஒரு பல்கலைக்கழக நூலகத்திலோ அரசு ஆவணக்காப்பகத்திலோ ஒப்படைக்க வேண்டும் என்னும் ஒரு விதியைச் சேர்க்கலாம். அதற்கான சேமிப்புச் செலவையும் செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக ஏற்க வேண்டும். தமிழ்த்துறைகள் இக்கோரிக்கையை அரசிடம் எழுத்தாக வைக்குமுன், அத்தகைய பதிவுகளை ஏற்றுக் காக்கும் இடம் தம்மிடம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.